ஐரோப்பியத் தொழிற்சந்தை: பெண்கள், நெகிழ்வான வேலை, வேலையின்மை

ஐரோப்பியத் தொழிற்சந்தையில் பாலின ஏற்றத்தாழ்வு என்பது வேலை கிடைப்பதிலும், கூலியிலும், வேலை நேரத்திலும், பணிப் பாதுகாப்பிலும், முதுமைக்கால ஓய்வூதியத்திலும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையே நிலவும் வேறுபாடுகளைக் குறிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று ஒரு மணி நேர ஊதியத்தை ஒப்பிட்டால் பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவாகப் பெறுகிறார்கள். 20 முதல் 64 வயது வரையிலானவர்களில் வேலையில் இருக்கும் பெண்களின் விகிதம் ஆண்களின் விகிதத்தைவிட 10 புள்ளி அளவுக்குக் குறைவு. வேலைக்குப் போகும் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பகுதி நேரமாக உழைக்கிறார்கள். ஆண்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஓய்வூதியத்துக்கு வரும்போது இடைவெளி கால் பங்கைத் தொடுகிறது. மணிக்கூலியில் சிறிதாகத் தெரியும் குறை, ஓர் ஆயுள் முழுவதும் சேர்ந்து முதுமையில் இரண்டு மடங்காகி நிற்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வின் நூறாண்டு வரலாற்றில் ஒரு போக்கு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. வேலை அருகியபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெண்கள். ஆள் போதாதபோது அரை நாளுக்கு அழைக்கப்பட்டவர்களும் அவர்களே. நெகிழ்வான வேலைமுறைகள் பலவும் தொழிற்சாலையின் தேவையையும் வீட்டின் தேவையையும் ஒரே ஆளின் தலையில் ஏற்றியே நடைமுறைக்கு வந்தன.

பெருமந்தக் காலம்

1930களின் பெருமந்தத்தில் வேலையின்மைக்கு மருந்தாகப் பல அரசுகள் கண்டது மணமான பெண்களை விலக்குவதைத்தான். பிரிட்டனில் 1931இல் கொண்டுவரப்பட்ட முறைகேடுகள் சட்டத்தின்படி, வேலையிழந்த மணமான பெண் வேலையின்மைப் படி பெறக் காப்பீட்டுச் சந்தாவை முறையாகக் கட்டியிருந்தாலும் போதாது. மணமான பிறகும் குறிப்பிட்ட அளவு வேலை செய்திருக்க வேண்டும்; தன் வட்டாரத்தில் மறுபடி வேலை கிடைக்கும் வாய்ப்பு இருப்பதையும் காட்ட வேண்டும். வேலையே இல்லாத ஊரில் இதை எப்படிக் காட்டுவது? லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் தள்ளுபடியாயின. மணமான பிறகும் தறியில் நிற்பது வழக்கமாக இருந்த லங்காஷயர் பருத்தி ஆலைப் பெண்களுக்கு இது பேரிடி. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணான மார்கரெட் பான்ட்ஃபீல்ட் என்பதையும் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது.

ஜெர்மனியில் கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு எதிரான பிரசாரம் நாஜிகளுக்கு முன்பே சூடுபிடித்திருந்தது. மணமான பெண் அரசு ஊழியர்களை நீக்க வழிவகுத்த சட்டம் 1932 மே மாதம் வந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம் நாஜி அரசு இயற்றிய வேலையின்மைக் குறைப்புச் சட்டத்தின் ஒரு பகுதி திருமணக் கடன். மணமகள் வேலையை விட்டால் தம்பதிக்கு 1,000 ரைக்ஸ்மார்க் வரை கடன் உண்டு. ஒவ்வொரு குழந்தை பிறக்கும்போதும் கடனில் கால் பங்கு தள்ளுபடி. வேலையை விட்ட பெண் வேலையற்றோர் பட்டியலிலும் ஏறமாட்டாள் என்பதால் எண்ணிக்கை இரு வகையிலும் குறைந்தது. நெதர்லாந்தில் 1924 முதலே அரசுப் பணியில் இருந்த பெண்கள் மணமானதும் விலக வேண்டியிருந்தது. மணமான பெண்கள் கூலி வேலைக்குப் போவதையே தடுக்க 1937இல் அமைச்சர் கார்ல் ரொம்மே வரைந்த சட்டம் மட்டும் பெண்கள் அமைப்புகளின் எதிர்ப்பால் நின்றுபோனது.

ரோம் உடன்படிக்கையும் ஹெர்ஸ்தால் வேலைநிறுத்தமும்

1957இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட ரோம் உடன்படிக்கையின் 119ஆம் பிரிவு, சம வேலைக்குச் சம ஊதியம் என்றது. நீதியுணர்வைவிட வியாபாரக் கணக்கே இதற்குப் பின்னால் பெரிதாக இருந்தது. பிரான்சில் சம ஊதியச் சட்டம் ஏற்கெனவே இருந்ததால், குறைந்த கூலிக்குப் பெண்களை வைத்து நெய்யும் அண்டை நாட்டு ஆலைகள் தன் துணியாலைகளை விழுங்கிவிடும் என்று அந்த நாடு அஞ்சியது. கையெழுத்திட்ட பிறகு அந்தப் பிரிவை எல்லா நாடுகளும் மறந்தன. 1961 முடிவுக்குள் நிறைவேற்றுவதாக ஒப்புக்கொண்டதை 1964 முடிவுக்குத் தள்ளிவைத்தன. அந்தக் கெடுவும் கடந்துபோனது.

அதை நினைவூட்டியவர்கள் பெல்ஜியத்தில் லியெஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்தால் ஆயுதத் தொழிற்சாலைப் பெண்கள். அங்கே பெண்கள் எண்ணெய் தெறிக்கும் இயந்திரக் கூடங்களில் பல இயந்திரங்களை ஒருசேரக் கவனித்துக்கொண்டார்கள். எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஊதியப் படிநிலையின் கீழ்ப்படியிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள். 1966 பிப்ரவரி 16 அன்று இயந்திரங்களை நிறுத்திவிட்டு 3,000க்கும் மேற்பட்ட பெண்கள் வெளியே வந்தார்கள். பன்னிரண்டு வாரம் வேலைநிறுத்தம் நீடித்தது. அவர்கள் செய்துதந்த உதிரிப் பாகங்கள் இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்களும் வேலையின்றி உட்கார நேர்ந்தது. பெண்களின் வேலை துணை வேலை என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறில்லை. மணிக்கு 5 பிராங்க் உயர்வு கேட்டவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது 2.75 பிராங்க். ஆனாலும் 119ஆம் பிரிவைக் கையில் ஏந்தித் தெருவுக்கு வந்த முதல் பெரிய போராட்டம் என்ற இடம் அதற்கு உண்டு. இரண்டு ஆண்டு கழித்து, 1968 ஜூன் மாதம், லண்டனை அடுத்த டாகென்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது பிரிட்டனின் 1970ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்துக்கு இட்டுச் சென்றது.

ஹெர்ஸ்தால் பெண்களுக்குத் துணைநின்ற வழக்கறிஞர் எலியான் வோகெல்-போல்ஸ்கி, 119ஆம் பிரிவை நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடிய ஒரு வழக்கைத் தேடிக்கொண்டிருந்தார். அது சபேனா விமான நிறுவனத்தின் பணிப்பெண் கப்ரியேல் டெஃப்ரென் வடிவில் வந்தது. 1951இல் வேலைக்குச் சேர்ந்த டெஃப்ரென், 40 வயதானதும் 1968 பிப்ரவரியில் ஒப்பந்தப்படி வெளியேற்றப்பட்டார். அதே விமானத்தில் அதே தட்டை ஏந்திய ஆண்களுக்கு வயது வரம்பு 55. அவர் மூன்று முறை ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். ஓய்வூதியம் பற்றிய வழக்கிலும் வயது வரம்பு பற்றிய வழக்கிலும் தோற்றார். ஊதிய வழக்கில் மட்டும், 1976 ஏப்ரல் 8 அன்று வென்றார். அவருக்கு வரவேண்டியிருந்த நிலுவை 12,716 பெல்ஜியப் பிராங்க், மிகச் சிறிய தொகை. ஆனால் எந்தத் தேசியச் சட்டத்துக்கும் காத்திராமல் 119ஆம் பிரிவின் பேரில் ஒரு தொழிலாளி நேரே வழக்குத் தொடரலாம் என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. பழைய நிலுவைகள் அத்தனையையும் கொடுப்பதென்றால் நிறுவனங்கள் தாங்காது என்று பிரிட்டனும் அயர்லாந்தும் முறையிட்டன. அதனால், ஏற்கெனவே வழக்குப் போட்டவர்கள் தவிர மற்றவர்கள் தீர்ப்பு நாளுக்கு முந்தைய காலத்துக்கு எதுவும் கோர முடியாது என்று நீதிமன்றம் எல்லை வகுத்தது. பல ஆண்டு மீறலின் பலன் மீறியவர்களிடமே தங்கியது.

நெதர்லாந்து: பகுதி நேரம் வழக்கமான கதை

பகுதி நேர வேலையின் வரலாற்றை நெதர்லாந்தை விட்டுவிட்டு எழுத முடியாது. இன்று வேலை செய்யும் டச்சுப் பெண்களில் பத்தில் ஆறு பேர் அளவுக்குப் பகுதி நேரக்காரர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த அளவு வேறெங்கும் இல்லை. போருக்குப் பின்வந்த பத்தாண்டில் நிலைமை நேர்மாறு: மணமான பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட வெளி வேலைக்குப் போகவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் கோரி தெண்டலோ 1955இல் கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிறகே அரசுப் பணியில் மணத்தடை நீங்கியது. மணமான பெண் கணவனின் ஒப்புதலின்றி ஒப்பந்தம் செய்யக்கூடாது என்ற சட்டம் 1957 ஜனவரியில்தான் போனது.

1967இல் யோக்கே ஸ்மிட் பெண்களின் மனக்குறையைப் பற்றி எழுதிய கட்டுரை டச்சுப் பெண்ணியத்தின் இரண்டாம் அலையைத் தொடங்கிவைத்தது. பின்னாளில் அவர் முன்வைத்த யோசனை எளியது: ஆணுக்கும் பெண்ணுக்கும் நாளொன்றுக்கு ஐந்து மணி நேர வேலை, மீதி நேரத்தில் வீட்டுப் பொறுப்பு இருவருக்கும் சரிபாதி. அந்த யோசனை நிறைவேறியிருந்தால் இக்கட்டுரையின் பாதி தேவைப்பட்டிருக்காது.

நடந்தது வேறு. 1980களின் தொடக்கத்தில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தாண்டியது. 1982 நவம்பரில் தொழிற்சங்கத் தலைவர் விம் கோக்கும் முதலாளிகள் சங்கத் தலைவர் கிறிஸ் வான் வேனும் வாஸனார் என்ற ஊரில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சங்கங்கள் ஊதிய உயர்வை அடக்கிக்கொள்ளும். பதிலுக்கு வேலை நேரம் குறைக்கப்பட்டு, இருக்கும் வேலை பலருக்கும் பகிரப்படும். முழுநேர ஆண்களின் வாரம் ஓரளவு குறைந்து அதோடு நின்றுவிட்டது. புதிதாக முளைத்த பகுதி நேர இடங்களை நிரப்பியவர்கள் வீட்டிலிருந்த பெண்கள். கணவர்களின் ஊதியம் உயராத குறையை மனைவியரின் அரைச் சம்பளம் ஈடுகட்டியது. 1990களில் வேலையின்மை சரிந்தபோது பிற நாட்டுப் பொருளியலாளர்கள் இதை டச்சு அற்புதம் என்று கொண்டாடினார்கள்.

பகுதி நேரக்காரர்களைக் கேவலமாக நடத்த டச்சுச் சட்டம் விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலை நேரத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை 1996ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், ஓராண்டு பணி முடித்தவர் தன் வேலை நேரத்தைக் குறைக்கவோ கூட்டவோ கேட்கும் உரிமையைத் தந்தது. வலுவான காரணமில்லாமல் நிறுவனம் மறுக்க முடியாது. மணிக்கூலி, விடுப்பு, ஓய்வூதிய உரிமை எல்லாம் முழுநேரத்துக்கு விகிதப்படி உண்டு. மற்ற நாடுகளோடு ஒப்பிட இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் ஒரு பெண் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பதைச் சட்டத்தைவிடப் பள்ளி மணி அதிகம் தீர்மானித்தது. டச்சுத் தொடக்கப் பள்ளிகள் பல புதன்கிழமை மதியத்தோடு மூடிவிடுவது வழக்கம். மற்ற நாள்களிலும் குழந்தைகள் மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் அல்லது நான்கு நாள் என்று தாய்மார்கள் வேலையை வெட்டிக்கொண்டது இந்த அட்டவணைக்கு இணங்கத்தான். புதன்கிழமை பிற்பகலில் குழந்தையின் கையைப் பிடித்து நீச்சல் வகுப்புக்கோ பல் மருத்துவரிடமோ கூட்டிப்போக ஒருவர் வேண்டும். கூட்டம் நடந்துகொண்டிருக்கும் அலுவலகத்தில் அந்த நேரத்தில் யாருடைய நாற்காலி காலியாக இருந்தது என்பதிலேயே பதவி உயர்வு யாருக்கு என்பதும் அடங்கிவிடுகிறது. குழந்தைக் காப்பகக் கட்டணத்துக்கு 2005 முதல் அரசு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியதும் பெண்களின் உழைப்பு நேரம் கூடியது. அதே உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் பெற்றோர் மீது வரித்துறை தவறாகப் பழி சுமத்தி, வாங்கியதை எல்லாம் திருப்பிக் கேட்டுக் குடும்பங்களைக் கடனில் மூழ்கடித்தது. புலம்பெயர்ந்த பின்னணி கொண்டவர்கள் மிகுதியாகச் சிக்கினார்கள். 2021 ஜனவரியில் மார்க் ரூட்டேயின் அரசு இதற்காகப் பதவி விலகியது. வேலைக்குப் போவதற்காகக் காப்பகத்தை நம்பிய தாய்மார்களுக்கு நேர்ந்த இந்த அநீதி எளிதில் ஆறக்கூடியதல்ல.

ஜெர்மனி: கீழ்ப்படிக் கூலியிலிருந்து குறுவேலை வரை

மேற்கு ஜெர்மனியில் பெண்களுக்கெனத் தனியாகக் குறைத்த கூலியை 1955இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. முதலாளிகள் உடனே இலகு வேலைக்கான ஊதியப் பிரிவு என்று புதிதாக ஒன்றை வகுத்து, அதே பெண்களை அதே கூலிக்கு அதில் போட்டார்கள். 1973 ஆகஸ்டில் நோய்ஸ் நகரின் பியர்பர்க் கார்பரேட்டர் ஆலையில் கிரேக்க, துருக்கிய, யூகோஸ்லாவியப் பெண்கள் முன்நின்று நடத்திய வேலைநிறுத்தம் அந்த ஆலையில் கீழ்ப்படிப் பிரிவை ஒழித்தது. ஜெர்மன் தேர்ச்சித் தொழிலாளர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டதுதான் அங்கே வெற்றியைத் தந்தது. மனைவி குடும்பக் கடமைக்குக் குந்தகம் வராதவரை வேலைக்குப் போகலாம் என்ற வாசகம் குடிமைச் சட்டத்திலிருந்து 1977இல் நீங்கியது.

பகுதி நேர வேலையைப் பற்றிய முக்கியமான தீர்ப்பும் ஒரு ஜெர்மன் கடையிலிருந்து பிறந்தது. இருபது ஆண்டு காலத்தில் பதினைந்து ஆண்டாவது முழுநேரம் உழைத்தவர்களுக்கே நிறுவன ஓய்வூதியம் என்பது பில்கா பல்பொருள் அங்காடியின் விதி. அங்கே பகுதி நேரத்துக்கு மாறியிருந்த விற்பனைப் பெண் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். பகுதி நேரக்காரர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கையில், அவர்களை ஒதுக்கும் விதி பெண்களை ஒதுக்கும் விதியே; நிறுவனத்தின் மெய்யான தேவையைக் காட்டினாலன்றி அது செல்லாது என்று 1986 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. மறைமுகப் பாகுபாடு என்ற கருத்து ஐரோப்பிய ஊதியச் சட்டத்தில் வேரூன்ற இத்தீர்ப்பு உதவியது. பகுதி நேர வேலைக்கான 1997ஆம் ஆண்டு ஒன்றிய நெறியாணை இந்தத் தடத்தில்தான் வந்தது.

1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது கிழக்கில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் வேலையிலோ படிப்பிலோ இருந்தார்கள். நாள் முழுதும் இயங்கும் காப்பகங்கள் எல்லா ஊரிலும் இருந்தன. ஆலைகள் மூடப்பட்டதும், 1990களின் முற்பகுதியில் கிழக்கின் வேலையற்றோரில் பெரும்பான்மை பெண்களாக இருந்தார்கள். வீட்டோடு இருந்துவிடும்படி மேற்கிலிருந்து வந்த யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. வேலையற்றோராகப் பதிந்துகொண்டு வேலை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஹார்ட்ஸ் எனப்பட்ட தொழிற்சந்தைச் சீர்திருத்தத்தின் பகுதியாக 2003இல் விரிவாக்கப்பட்ட குறுவேலை, இன்றைய ஏற்றத்தாழ்வில் பெரும்பங்கு வகிக்கிறது. மாதம் 400 யூரோ வரை (பின்னர் 450, 2022 முதல் 520, அதன்பின் குறைந்தபட்சக் கூலியோடு சேர்ந்து ஏறும் வரம்பு) சம்பாதிப்பவர் வரியோ வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவோ கட்ட வேண்டாம். மனைவிக்குக் கணவனின் மருத்துவக் காப்பீடு இலவசமாகக் கிடைக்கிறது. 1958 முதல் நடப்பிலிருக்கும் தம்பதியர் கூட்டு வரிமுறையோ, குறைவாகச் சம்பாதிப்பவரின் சம்பளத்திலேயே கனத்த பிடித்தத்தை ஏற்றுகிறது. வரம்புக்கு மேல் கூடுதல் மணி நேரம் உழைத்தால் கையில் நிற்பது சொற்பம் என்பதால் மனைவி வரம்புக்குள்ளேயே தங்கிவிடுகிறாள். கொரோனா ஊரடங்கில் கடைகளும் உணவகங்களும் மூடப்பட்டபோது குறுவேலைக்காரர்களுக்கு, வேலை நேரம் குறைக்கப்பட்டவர்களுக்கு அரசு தந்த ஊதிய உதவியும் இல்லை, வேலையின்மைப் படியும் இல்லை.

தெற்கு ஐரோப்பா

ஸ்பெயினில் மணமான பெண் வேலைக்குச் சேர, வங்கிக் கணக்கு திறக்கக் கணவனின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1975 மே வரை இருந்தது. 1984இல் வேலையின்மையைக் குறைக்கவென்று தற்காலிக ஒப்பந்தங்கள் தாராளமாக அனுமதிக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் கூலி பெறுவோரில் மூன்றில் ஒருவர் தற்காலிக ஊழியர். வேலையின்மை அப்போதும் தீரவில்லை. 1994இல் பெண்களிடையே அது 30 விழுக்காட்டைக் கடந்தது. இங்கே நெகிழ்வு என்பது ஒப்பந்தம் முடிந்ததும் வேறொருவரை வைத்துக்கொள்ளும் வசதி. கருவுற்ற பெண்ணை வேலைநீக்கம் செய்ய வேண்டியதே இல்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும். 2021 டிசம்பர் சீர்திருத்தம் இவ்வகை ஒப்பந்தங்களை இறுக்கியது. தற்காலிக ஊழியர் பங்கு கால்வாசியிலிருந்து ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இரண்டே ஆண்டில் இறங்கியது.

இத்தாலியில் திருமணத்தைக் காரணமாக்கிப் பெண்ணை நீக்குவதை 1963 ஜனவரிச் சட்டம் தடுத்தது. சில முதலாளிகள் அதற்கொரு குறுக்குவழி கண்டார்கள். வேலைக்குச் சேரும் நாளிலேயே தேதியிடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். வயிறு தெரிந்ததும் அதில் தேதி ஏறும். இதைத் தடுத்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் மறு ஆண்டே நீக்கப்பட்டது. ராஜினாமாவை இணையவழியில் மட்டுமே பதிய முடியும் என்ற விதி 2016இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த வழி அடைபட்டது. இத்தாலியின் மணிக்கூலி இடைவெளி 5 விழுக்காடோ அதற்கும் கீழோதான். அதைச் சமத்துவம் என்று எடுத்துக்கொள்வது பிழை. குறைந்த கூலிதான் கிடைக்கும் என்ற நிலையிலுள்ள பெண்கள் பலர் வேலைச் சந்தைக்கே வருவதில்லை. வேலையில் இருப்போர் நல்ல சம்பளக்காரர்கள். ஊதிய இடைவெளி சிறிதாக இருக்கும் நாட்டில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை பெண்கள் வேலையில் இருக்கிறார்கள் என்பதே.

2008 நெருக்கடியில் கட்டுமானமும் ஆலைகளும் முதலில் அடிவாங்கியதால் 2009இல் ஒன்றியத்தில் ஆண்களின் வேலையின்மை பெண்களுடையதை முந்தியது. பெண்கள் தப்பித்தார்கள் என்ற பேச்சு சிறிது காலம் ஓடியது. பின்னால் வந்த சிக்கன நடவடிக்கைகள் பள்ளி, மருத்துவமனை, காப்பக வேலைகளை வெட்டின. கிரீஸில் 2013இல் பெண்களின் வேலையின்மை 31 விழுக்காட்டைத் தாண்டியது.

கணக்கில் வராதவர்கள்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி வேலையற்றவர் என்றால் வேலை இல்லாதவராகவும், கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியவராகவும், இரண்டு வாரத்துக்குள் வேலையில் சேரக்கூடியவராகவும் இருக்க வேண்டும். காப்பகத்தில் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் தாயால் இரண்டு வாரத்தில் சேர முடியாது. ஆகவே அவள் வேலையற்றவள் அல்ல. வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவளும் வேலையில் இருப்பவளே. ஒன்றியத்தில் இரு பாலாரின் வேலையின்மை விகிதமும் ஏறக்குறைய நெருங்கிவிட்டதாகத் தோன்றுவதற்கு இந்த வரையறையும் ஒரு காரணம். ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் கூடுதல் நேரம் கேட்கும் பகுதி நேரக்காரர்களையும், வேலை விரும்பியும் தேட முடியாதவர்களையும் சேர்த்து வெளியிடும் விரிந்த கணக்கில் பெண்களின் பங்கு தெளிவாகக் கூடுகிறது.

தந்தையர் விடுப்பும் புதிய சட்டங்களும்

சுவீடன் 1971இல் கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வரிக்கு மாறியது. 1974இல் மகப்பேறு விடுப்பைத் தாய் தந்தை இருவருக்குமான பெற்றோர் விடுப்பாக மாற்றிய முதல் நாடும் அதுவே. பளுதூக்கும் வீரர் லென்னார்ட் டால்கிரென் கைக்குழந்தையை ஏந்தி நின்ற அரசு விளம்பரம் 1978இல் நாடெங்கும் ஒட்டப்பட்டது. விளம்பரத்தால் ஆண்கள் பெரிதாக அசையவில்லை. 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது கழிந்துபோகும் என்று விதித்த பின்னரே விடுப்பெடுத்த தந்தையர் தொகை ஏறியது. ஒதுக்கீடு 2016 முதல் 90 நாள். ஆயினும் முதியோர் பராமரிப்பில் உள்ள சுவீடன் பெண்கள் பலருக்கு நகராட்சிகள் முழுநேர வேலை தரவில்லை. முழுநேரத்தை உரிமையாகக் கேட்டு அவர்களின் சங்கம் நெடுநாள் போராட வேண்டியிருந்தது.

இந்த அனுபவத்தின் தடம் 2019ஆம் ஆண்டு ஒன்றிய நெறியாணையில் தெரிகிறது. தந்தைக்குப் பத்து வேலை நாள் விடுப்பு, ஒவ்வொரு பெற்றோருக்கும் நான்கு மாத விடுப்பு, அதில் இரண்டு மாதம் மற்றவருக்கு மாற்ற முடியாதது. எட்டு வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோரும் நோயுற்ற உறவினரைப் பராமரிப்பவர்களும் நெகிழ்வான வேலை நேரம் கேட்கலாம். கேட்கத்தான் உரிமை, காரணம் சொல்லி மறுக்க நிறுவனத்துக்கும் உரிமை உண்டு. ஜெர்மனியில் அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த இடைக்காலப் பகுதி நேரச் சட்டம், குறிப்பிட்ட காலம் கழிந்ததும் பழைய முழுநேரத்துக்குத் திரும்பும் உறுதியைத் தருகிறது. 45 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும் என்பதால் சிறு கடைகளிலும் மருத்துவர் அலுவலகங்களிலும் உழைக்கும் பெண்கள் வெளியே நிற்கிறார்கள்.

2023இல் நிறைவேறிய ஊதிய வெளிப்படைத்தன்மை நெறியாணையை உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7க்குள் சட்டமாக்க வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. வேலைக்கு வருபவரிடம் முந்தைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது. ஒரே மாதிரி வேலை செய்யும் ஆண், பெண்களின் சராசரி ஊதியத்தைத் தொழிலாளி கேட்டால் நிறுவனம் சொல்லியாக வேண்டும். காரணமில்லாத 5 விழுக்காடு இடைவெளி நீடித்தால் தொழிலாளர் பிரதிநிதிகளோடு அமர்ந்து அதை ஆராய வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள் நடக்கும் வஞ்சனையை இது வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். ஆனால் பதினைந்து ஆண்டு அரை நாள் வேலையால் குறைந்துபோன ஓய்வூதியத்துக்கு இந்த நெறியாணையில் எந்த ஏற்பாடும் இல்லை. குழந்தை வளர்ப்புக் காலத்தை ஓய்வூதியக் கணக்கில் சேர்ப்பது, தம்பதியர் கூட்டு வரியைக் கைவிடுவது, குறுவேலை வரம்பை நீக்குவது போன்றவை இன்னும் அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்களின் கையில்தான் இருக்கின்றன.